‘போர்டு போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினி திடீரென்று இயங்க மறுத்தால் என்ன செய்வது என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கடந்த வாரம் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) போய்விட்டது என்று பொருள், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இரண்டே வாக்கியங்களில் அது முடிந்திருந்தது. முதல் வாக்கியத்தில் எனக்குக் குறை ஏதுமில்லை. இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. கணினிப் பழுதுபார்க்கும் மேசையில் 20 ஆண்டுகளுக்கும் மேல் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில், அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே விடுபட்டுப்போனவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் சொன்னது “ஆன் ஆகவில்லை” என்பதுதான். அந்தச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று கோளாறுகள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாமல், ஃபேன் சுழலாமல், சிறு ஓசைகூட எழாமல் கிடப்பது ஒன்று. தொழிலில் இருப்பவர்கள் இதை “நோ பவர்” என்பார்கள். விளக்கு எரிகிறது, ஃபேனும் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் அது “நோ டிஸ்ப்ளே”. தயாரிப்பாளரின் சின்னம் வரைக்கும் வந்துவிட்டு, விண்டோஸுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டே நிற்பது மூன்றாவது. பெரும்பாலும் அது சேமிப்பகத்தையோ மென்பொருளையோ சேர்ந்த வேலை, மின்சாரத்தோடு அதற்குச் சம்பந்தம் இருப்பது அரிது. இந்த மூன்றில் எது என்று சொல்லாமல் கணினியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர், மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவரைப் போன்றவர். ஆகவே இருட்டான, சத்தமில்லாத அறையில் ஒரு முறை பட்டனை அழுத்தி, காதை விசைப்பலகைக்கு அருகே கொண்டுபோய், கண்ணை விளக்குகளின் மேல் வைத்துக் கவனிப்பதுதான் முதல் சோதனை. ஆத்திரத்தில் பட்டனை நாற்பது முறை அழுத்துவதால் ஒன்றும் தெரியவராது.

அசைவே இல்லாத வகை என்று உறுதியானால், மின்சாரம் வரும் வழியில் அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சுவரில் தொடங்குவது நல்லது. அந்த ப்ளக் பாயிண்ட்டில் வேறொரு பொருளைச் செருகி, அது இயங்குகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். அடுத்தது பலர் கவனிக்காத இடம். மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக வருகின்றன. சுவரிலிருந்து அடாப்டர் பெட்டிக்கு வரும் கயிறு தனி, பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் கயிறு தனி. முதல் கயிறு பெட்டியோடு சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு விலகியிருந்தால் போதும், எல்லாம் செத்ததுபோல் கிடக்கும். பையில் திணித்து எடுத்துப் போகிறவர்களின் சார்ஜரில் இது அடிக்கடி நடக்கும். அந்த முனையைக் கழற்றி, மீண்டும் அழுத்திச் செருகிக் கொடுத்ததற்காக என்னைக் கைகூப்பிக் கும்பிட்டவர்களும் உண்டு. நான் செய்ததோ, கை வலிக்காத வேலை.

அடாப்டர் பெட்டியில் சிறு விளக்கு இருந்தால், அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கணினியில் செருகாமல் சுவரில் மட்டும் மாட்டும்போது விளக்கு எரியவில்லை என்றால், குற்றம் அடாப்டரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. கணினியை அதுவரை தொட வேண்டியதே இல்லை. விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் கயிற்றின் பின்னை (செருகு முனையை) கணினியில் செருகிய அந்த நொடியே அணைந்துவிடுகிறது அல்லது விட்டுவிட்டு மினுக்குகிறது என்றால், அடாப்டர் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். கணினிக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் இழுக்கப்படுவதால் அடாப்டரின் பாதுகாப்புச் சுற்று வாயை மூடிக்கொள்கிறது. அரிதாக, அடாப்டரே தளர்ந்துபோய் சுமை தாங்காமல் அணைவதும் உண்டு. அதே அளவுள்ள வேறொரு அடாப்டரைச் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செருகினாலும் விளக்கு மாறாமல் எரிகிறது, கணினியில் மட்டும் எந்த உயிர்ப்பும் இல்லை என்றால், அந்தப் பின் உள்ளே போய்ச் சேரவே இல்லையோ என்று, கணினியில் அது நுழையும் துளையான டிசி ஜாக்கைச் சந்தேகிக்க வேண்டும். கயிற்றை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்கும்போது சார்ஜ் விளக்கு வந்து வந்து போனால், ஜாக்கின் உள்பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கிறது, அல்லது கயிற்றின் கழுத்தில் கம்பி அறுந்திருக்கிறது. எதிலிருந்து எதற்குப் போனபோது விளக்கு மாறியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருகிறவரின் கணினியைக் கையில் வாங்கும்போது, பாதி வேலை முடிந்ததுபோல் எனக்கு ஒரு நிம்மதி வரும்.

வேறொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள் என்று எழுதிவிட்டு அதோடு விட்டால், அதுவே இன்னொரு விபத்துக்கு வழி செய்யும். பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் “அவுட்புட்” என்ற வரியைப் படியுங்கள். வோல்ட் கணினி கேட்கும் அளவோடு ஒத்திருக்க வேண்டும்; 19, 19.5, 20 என்று அந்த அக்கம்பக்கத்தில்தான் பெரும்பாலான மடிக்கணினிகள் இருக்கும். ஆம்பியர் கேட்கும் அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதுதான் வாட். 65 வாட் கேட்கும் கணினிக்கு 90 வாட் அடாப்டர் கெடுதல் செய்யாது, ஏனென்றால் தேவையான மின்னோட்டத்தை இழுத்துக்கொள்வது கணினிதான்; 45 வாட் அடாப்டரோ மூச்சு வாங்கும். சில தயாரிப்பாளர்கள் பின்னின் நடுவே ஊசி போன்ற மூன்றாவது தொடர்பு ஒன்றை வைத்து, அதன் வழியாக அடாப்டரின் திறனை அடையாளம் கேட்கிறார்கள். அந்த ஊசி வளைந்துபோனால், அடாப்டர் நல்லதாக இருந்தும் பேட்டரி சார்ஜ் ஏறாது. தட்டையான யுஎஸ்பி-சி முனை வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. முனை ஒன்றுபோல் இருப்பதால் திறனும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைத்துக் கைப்பேசியின் சார்ஜரை மாட்டுகிறார்கள். கணினியும் சார்ஜரும் முதலில் 5 வோல்ட்டில் பேச ஆரம்பித்து, உடன்பாடு கண்ட பிறகே 20 வோல்ட்டுக்கு ஏறுகின்றன. அந்த அளவுக்கு ஏறத் தெரியாத சார்ஜரிடம் கணினி எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருந்துவிடலாம். 2021-இல் வந்த திருத்தப்பட்ட விதிமுறை இந்த முனையின் உச்ச அளவை 100 வாட்டிலிருந்து 240 வாட்டுக்கு உயர்த்தியது. அதற்குச் சார்ஜர், கயிறு, கணினி மூன்றும் ஒத்துவர வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டுமே சார்ஜ் வாங்குவதாகவும் இருக்கலாம். துளையை மாற்றிச் செருகிப் பார்க்க ஒரு நொடிகூட ஆகாது.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பின்னில் அளந்து பார்த்தேன், 19.5 வோல்ட் வருகிறது, ஆகவே அடாப்டர் நல்லது என்று அடித்துச் சொல்வார்கள். சுமை இல்லாமல் அளந்த அளவு அது. குழாயில் சொட்டு விழுவதைப் பார்த்துத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. சுமை ஏறியதும் 19 என்பது 8-ஆகச் சரியும் அடாப்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அடாப்டர் பெட்டியைப் பிளந்து பார்க்க மட்டும் யாரும் முயல வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் சிறிது நேரம் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இனி, தங்கள் குறிப்பில் சொல்லியிருந்த அந்த 30 விநாடிக்கு வருகிறேன். இது நல்ல வைத்தியம். ஏன் பலிக்கிறது என்று சொல்லாமல் விட்டதால் மந்திரம்போல் ஆகிவிட்டது. மடிக்கணினியை அணைத்த பிறகும் அதன் உள்ளே ஒரு சிறு சில்லு தூங்குவதில்லை. எம்பெடட் கன்ட்ரோலர் என்று அதற்குப் பெயர். பவர் பட்டனை யாராவது தொடுகிறார்களா, மூடி திறக்கிறதா, சார்ஜர் வந்து சேர்ந்ததா, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதுதான். நாம் பட்டனை அழுத்தும்போது உண்மையில் ஒரு சுவிட்சைப் போடவில்லை; அந்தக் காவல்காரனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறோம், அவ்வளவே. மின்சாரம் விட்டுவிட்டு வந்ததாலோ, தூக்க நிலைக்குப் போய்வரும்போது தடுமாறியதாலோ அந்தக் காவல்காரன் மலைத்து நின்றுவிட்டால், எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது. சார்ஜரையும் வெளியில் செருகிய எல்லாவற்றையும் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது, போர்டின் கெப்பாசிட்டர்களில் தங்கியிருந்த மிச்ச மின்னூட்டம் வடிந்து, அந்தச் சில்லு முதலிலிருந்து தொடங்குகிறது. பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பார்க்க வேண்டும். அது வேலை செய்துவிட்டால் பேட்டரியின் மேல் சந்தேகம் விழுகிறது.

பேட்டரியைக் கழற்ற முடியாத இன்றைய மெல்லிய கணினிகளில் பேட்டரி உள்ளேயே இணைந்திருப்பதால், இந்த வைத்தியம் அரைகுறையாகத்தான் நடக்கும். சில மாடல்களில் நீண்ட அழுத்தத்தையே மறுதொடக்கக் கட்டளையாகக் கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். வேறு சிலவற்றில் அடிப்பாகத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் பலவற்றில் இதைக் காணலாம். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி அந்தத் துளைக்குள் விட்டு அழுத்தினால், பேட்டரியின் இணைப்பையே சற்று நேரம் துண்டித்தாற்போல் ஆகும். ஒலிவாங்கித் துளையும் பார்வைக்கு இதேபோல் இருக்கும் என்பதால், கையேட்டில் படத்தைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒன்று. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கணினியை எடுத்துச் சார்ஜரை மாட்டிய உடனே பட்டனை அழுத்துகிறவர்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று பதறுகிறார்கள். முழுக்க ஏறிய லித்தியம் செல் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் இருக்கும். 3 வோல்ட்டுக்கும் கீழே மிகவும் இறங்கிவிட்டால், பேட்டரியில் உள்ள காவல் சுற்று வெளியோடு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். அந்த நிலையில் சார்ஜர் முழு வேகத்தில் ஏற்றாது, மிகச் சிறிய மின்னோட்டத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு முதலில் அதைத் தேற்றப் பார்க்கும். அரை மணி நேரமாவது சும்மா விட்டுவைத்துவிட்டுப் பிறகு பட்டனைத் தொடுங்கள். அதே வேளையில், டச்பேட் ஒரு பக்கம் மேடாகி இருக்கிறதா, மூடி சரியாக மூடுகிறதா, மேசையில் வைத்தால் அடிப்பாகம் ஆடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு சார்ஜ் ஏற்றுவது, அழுத்தித் தட்டையாக்கப் பார்ப்பது, ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது எதுவும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சுயவைத்தியம் சொல்வதில்லை.

விளக்கு எரிந்து திரை மட்டும் வராத கணினிகளைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அவைதான் அநியாயமாக “போர்டு போச்சு” என்ற தீர்ப்பை அதிகம் வாங்குகின்றன. கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு போட்டால் எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைந்தால், கணினி உள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது; காட்சிதான் வரவில்லை. கைப்பேசியின் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்சிடி திரையில் மங்கலாக எழுத்துகளும் படங்களும் நிழலாடினால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. வெளித்திரை ஒன்றை இணைத்து அதில் காட்சி வந்தால், திரையையோ அதற்குப் போகும் பட்டைக் கம்பியையோ பார்த்தால் போதும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூடியை மூடினால் திரை அணைவது ஒரு சிறு காந்தமும் அதை உணரும் சில்லும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு பெண்மணி எழுதத் தொடங்கினால் மட்டும் திரை இருண்டுவிடுகிறது என்று மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் என் மேசையில் அது ஒழுங்காக ஓடியது. கடைசியில் அவரையே உட்கார்ந்து தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்தபோதுதான், அவருடைய கைக்கடிகாரப் பட்டையில் இருந்த காந்தக் கொக்கி விசைப்பலகையின் இடது ஓரத்தில் படிய, மூடி மூடப்பட்டதாகக் கணினி நினைத்துக்கொண்டது தெரிந்தது. ஒரு மடிக்கணினியின் மேல் இன்னொன்றை அடுக்கி வைத்து வேலை செய்பவர்களுக்கும் இதே அனுபவம் வரும்.

ரேம் எனும் நினைவக அட்டை சரியாகப் பொருந்தாததும் இதே இருட்டைத் தரும். ஒலிச் சமிக்ஞை மூலமாகவோ விளக்கை எண்ணிக்கையாக மினுக்கியோ கணினி அதைச் சொல்லப் பார்க்கும். எத்தனை மினுக்கல், என்ன நிறம் என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். புதிதாக டிடிஆர்5 வகை ரேம் மாட்டியவர்கள் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் இருட்டாகவே இருந்தால் அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். நினைவகத்தோடு கணினி தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. ரேமைக் கழற்றி மாட்டத் துணிந்தவர்கள், மூடியைத் திறந்ததும் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குங்கள். போர்டில் 19 வோல்ட் ஓடும் தடத்துக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ 1 வோல்ட்டில் வாழும் செயலிக்கான (ப்ராசஸருக்கான) தடமும் ஓடுகிறது. ஸ்க்ரூடிரைவர் கை வழுக்கி இரண்டையும் ஒரு நொடி தொட்டுவிட்டால், அதுவரை ரேம் கோளாறாக இருந்தது அப்போது நிஜமாகவே போர்டு கோளாறாக ஆகிவிடும்.

தண்ணீர் கொட்டிய கணினி வேறு சாதி. அதை “ஓடுகிறதா பார்ப்போம்” என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்கிறது. நீர் பட்டதால் மட்டும் போர்டு கெடுவதில்லை; நீர் பட்ட இடத்தில் மின்சாரமும் இருக்கும்போது செம்பு அரித்துப்போகிறது. அணைத்து வைத்தாலும் பேட்டரி உள்ளே இணைந்திருக்கும் வரை சில தடங்களில் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம்போல் கவிழ்த்து வைத்துவிட்டு, பேட்டரி இணைப்பைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் அன்றே கொடுங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டாம். அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எதுவும் அசையவில்லை என்றால் போர்டில்தான் கோளாறு. அதை நான் மறுக்கவில்லை. போர்டில் கோளாறு என்பதும் போர்டு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன். அடாப்டர் விளக்கு அணைந்துபோகிற அந்த வகையை எடுத்துக்கொள்வோம். 19 வோல்ட் தடத்தில் வரிசையாக நிற்கும் பீங்கான் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ எள்ளின் அளவே இருக்கும். அவற்றில் ஒன்று உள்ளே விரிசல் விட்டு ஷார்ட் ஆனால், மொத்தத் தடமும் தரையோடு (போர்டின் சுழிய வோல்ட் இணைப்போடு) சேர்ந்து கணினி முழுவதும் பிணமாகக் கிடக்கும். சிப் லெவல் வேலை, அதாவது போர்டின் சிறு உறுப்புகளைத் தனித்தனியே மாற்றும் வேலை, தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், பேட்டரியைப் பிரித்துவிட்டு, அந்தத் தடத்தில் மிகக் குறைந்த வோல்ட்டை அளவோடு செலுத்துவார். போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவியிருப்பார். எல்லா இடமும் ஈரமாகப் பளபளக்கும்போது ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டென்று காய்ந்து வெளிறும். சூடாகிற கெப்பாசிட்டர் அதுதான். அதை எடுத்துவிட்டு நல்லதொன்றை வைத்தால் கணினி எழுந்துவிடும். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. எல்லாப் போர்டும் இப்படிப் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. செயலியோடு சேர்ந்து எரிந்தவையும், நீரில் அரித்துத் தடமே இல்லாமல் போனவையும் உண்டு. ஆனால் எந்தத் தடத்தில் எவ்வளவு வோல்ட் வருகிறது, எங்கே நிற்கிறது என்று அளந்து பார்க்காமல் போர்டை மாற்றச் சொல்கிறவரிடம், அளந்தீர்களா என்று கேட்கும் உரிமை கணினிக்குச் சொந்தக்காரருக்கு இருக்கிறது.

போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவசரப்படுவதில் உள்ள பெரிய ஆபத்தை நான் என் தவற்றால்தான் கற்றுக்கொண்டேன். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவரின் கணினி என்னிடம் வந்தது. போர்டு போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, அதே மாடலின் வேறொரு போர்டைப் பொருத்தினேன். முதல் அழுத்திலேயே ஓடியது. நான் பெருமையோடு திருப்பி வைத்தேன். நீலத் திரை வந்து, 48 இலக்க ரிகவரி கீ எனும் மீட்பு எண்ணைக் கேட்டது. மாணவர் என் முகத்தைப் பார்த்தார். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு, சேமிப்பகத்தில் உள்ள எல்லாவற்றையும் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவைத்து, திறவுகோலைப் பழைய போர்டில் இருந்த டிபிஎம் பாதுகாப்புப் பகுதியிடம் ஒப்படைத்திருந்தது. நான் மாட்டிய போர்டு அதற்கு அந்நியன். அந்தப் பூட்டை அவர் போடவே இல்லை; மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கியபோது அது தானாகவே பூட்டிக்கொண்டது. ரிகவரி கீ சேமிக்கப்பட்டிருக்கும் அந்தக் கணக்கு எது, கடவுச்சொல் என்ன என்பது அவருக்கு நினைவில் இல்லை. முன்பே கேட்டிருந்தால், போர்டு மாற்றுவதற்குப் பதில் பழைய போர்டை ஒரு மணி நேரமாவது உயிர்ப்பிக்க முடியுமா என்று வேறு ஆட்களிடம் காட்டியிருப்பேன். அதற்குள் பழைய போர்டின் செயலிப் பகுதியை உதிரிக்காக நானே கழற்றிவிட்டிருந்தேன். கணினி இன்றும் ஓடுகிறது. உள்ளே இருந்த ஆய்வேடு திரும்பவில்லை.

2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் இந்தக் குறியாக்கம் முன்னைவிடப் பரவலாகத் தானே அமலாகிறது. 2018-க்குப் பிறகு அறிமுகமான ஆப்பிள் மடிக்கணினிகளில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, அதே போர்டில் உள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைந்திருக்கிறது. அந்தப் போர்டு குப்பைக்குப் போனால் அதில் உள்ளவையும் போய்விடும். பூட்டு இல்லாத கணினிகளிலோ நிலைமை நேர்மாறு. போர்டு சாம்பலாகவே ஆனாலும், தனியாகக் கழற்றக்கூடிய 2.5 அங்குல டிஸ்க்கையோ எம்.2 வகைச் சேமிப்பு அட்டையையோ எடுத்து, அதற்கேற்ற யுஎஸ்பி உறையில் போட்டு, வேறொரு கணினியில் திறந்தால் கோப்புகள் அப்படியே இருக்கும். ஆன் ஆகாத கணினியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியிருப்பது கணினி அல்ல, உள்ளே உள்ள ஏதோ ஒரு கோப்பு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பழுதுபார்ப்பவர் வேறு வழியில் தொடங்குவார்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் குறிப்பு மீண்டும் வெளியாகுமானால், இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று கேள்விகளைப் போடுங்கள்: கணினியில் செருகும்போது அடாப்டரின் விளக்கு என்ன செய்கிறது? கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா? ரிகவரி கீ எந்தக் கணக்கில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாத வாசகர்கள், இன்று தங்கள் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, கணினிப் பைக்குள் அல்லாமல் வேறெங்காவது வைத்துவிடும்படியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணினிப் பழுதுநீக்குநர்